முதுசம்

சென்ற நவம்பரில் எங்கள் அம்மம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தனியாக வாடகைக்கு இருந்த ஒருவர் இறந்துபோனால், ஒன்ராறியோ சட்டப்படி 30 நாளில் அந்த வாடகை முடிந்துவிடும். அடக்க ஆராதனை முடிந்த மறுவாரமே நாங்கள் ஐந்து பேரப்பிள்ளைகளும் பெட்டிகளோடும் கறுப்புக் குப்பைப் பைகளோடும் ஸ்காபரோவில் அவர் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குப் போனோம். 87 வருட வாழ்க்கையை 30 நாளில் அகற்ற வேண்டும். உண்மையில் எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகளே போதுமாக இருந்தன. அவ்வளவு கொஞ்சம்தான் அவரிடம் இருந்தது.

இந்த இதழுக்கு எழுதும்படி வாலிபர் ஐக்கியத்தில் கேட்டபோது, தனித்தனியாக எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டைத் துப்புரவாக்கியதும், அதன் பிறகு நடந்ததும் ஐந்து பேருக்கும் பொதுவானவை. அதனால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். எங்களில் மூவருக்கு அவர் அம்மம்மா, இருவருக்கு அப்பம்மா. ஒரே ஆளை இரண்டு பெயரால் எழுதினால் வாசிப்பவர்களுக்குக் குழப்பமாகும். மூவரின் பக்கமிருந்தே உறவுமுறையை எழுதுகிறோம். மற்ற இருவரும் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்கள்.

அலுமாரிக்குள் பன்னிரண்டு சேலைகள், இரண்டு குளிர் மேலங்கிகள். குசினியில் இடியப்ப உரலும் தட்டுகளும், மூடி தொலைந்த ஐஸ்கிறீம் வாளிகள். நீல நிற பிஸ்கட் ரின் ஒன்று. திறந்தால் வழக்கம்போல நூலும் ஊசியும். கட்டிலுக்குக் கீழே ஒரு சிறிய சூட்கேஸ். அதற்குள் பழைய வேதாகமம், தாதியர் பயிற்சிச் சான்றிதழ், மானிப்பாய் வளவின் காணி உறுதி, நான்கு கொப்பிகள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அம்மம்மா கையில் கொண்டுபோனதும் இதே சூட்கேஸ்தான். மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இரவைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. "காலில் செருப்பில்லை, ஆனால் உறுதி நனையவில்லை" என்று ஒரு முறை சொல்லிச் சிரித்தார். அதனால் அந்த உறுதியை வெறும் கடதாசி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

ஆனால் அந்த உறுதிதான் எங்கள் குடும்பத்தைப் பிரித்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களைப்போல் இங்கே பிறந்தவர்களுக்காக எழுதுகிறோம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்ற சட்டமாக எழுதி வைத்தார்கள். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி அதைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். அந்தச் சட்டத்தில் சொத்து மூன்று வகை. பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துச் சேர்ப்பது தேடிய தேட்டம். முன்னோரிடமிருந்து வருவது முதுசம்.

மானிப்பாய் வளவு சீதனமா, தேட்டமா, முதுசமா? இதுதான் சண்டை. "எனக்குத் தருவதாக அம்மா வாயால் சொன்னவ" என்றார் எங்கள் அம்மா. "வாயால் சொன்னது சட்டத்தில் நிக்காது, விற்றுப் பிரிப்பம்" என்றார் மாமா. லண்டனில் இருக்கும் பெரியம்மா தொலைபேசியில் இரண்டு பக்கமும் கேட்டார், இரண்டு பக்கமும் கோபித்தார். அம்மம்மா எழுத்தில் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. டிசம்பர் மாதம் வந்தபோது அம்மாவும் மாமாவும் ஆலயத்தில் இரண்டு பக்கத்து வாங்குகளில் உட்கார்ந்தார்கள். நத்தார் ஆராதனையில் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்தது. எல்லாரும் கைகூப்பித் திரும்பினார்கள். அந்த இருவரும் திரும்பவில்லை. சபையில் கவனித்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

பெரியவர்களை மட்டும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நாங்களும் பக்கம் பிடித்தோம். ஐந்து பேரும் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து இருவர் வெளியேறினார்கள். பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடிய இரண்டு பேர் ஒரு மாதம் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. மானிப்பாயை எங்களில் நால்வர் கண்ணால் கூடக் கண்டதில்லை. காணாத மண்ணுக்காகக் கண்ட சகோதரனை விட்டோம்.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒருவன் கூட்டத்துக்குள்ளிருந்து இயேசுவிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறான். தன் சகோதரன் ஆஸ்தியைத் தன்னோடு பங்கிட வேண்டும், அதை ஆண்டவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிணியாளிகளும் குருடரும் வந்த அதே கூட்டத்தில் காணிப் பிரச்சினையோடும் ஒருவன் வந்திருக்கிறான். அவன் எங்கள் ஊரவன்தான் என்று மாமாவே முன்பு ஒரு வேதபாடத்தில் பகிடியாகச் சொன்னவர். அவனுடைய வழக்கு நியாயமானதா இல்லையா என்று வேதம் சொல்லவில்லை. ஒருவேளை முழு நியாயமும் அவன் பக்கமே இருந்திருக்கலாம். ஆனால் இயேசு பங்கு பிரிக்கும் நியாயாதிபதியாக இருக்க மறுத்துவிட்டு, பொருளாசையைப் பற்றி எச்சரித்து, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையைச் சொல்கிறார். அந்த உவமையின் கேள்வியே நீ சேர்த்தவை யாருடையதாகும் என்பதுதான். அம்மம்மாவின் வீட்டில் குப்பைப் பையோடு நின்றபோது அந்தக் கேள்வி எங்களுக்கு உவமையாகத் தெரியவில்லை.

கொப்பிகளுக்கு வருகிறோம்.

நான்கும் ஒற்றை ரூல் கொப்பிகள், மேலே ஒன்று, இரண்டு என்று இலக்கம். திறந்தால் பக்கம் முழுவதும் தமிழ். சிறிய, சரிந்த, ஒன்றோடொன்று ஒட்டிய எழுத்து. எங்களுக்கு வாசிக்க முடியவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். தமிழ் கதைப்போம். ஆலயத்தில் திரையில் வரும் பாட்டு வரிகளை எழுத்துக் கூட்டிப் பாடுவோம். ஆனால் எங்களைத் தூக்கி வளர்த்தவரின் கையெழுத்து எங்களுக்குப் பிறமொழி மாதிரி இருந்தது.

அதற்குக் காரணமும் நாங்களே. சிறு வயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மம்மா வீட்டுக்குப் போவோம். ஒரு சங்கீதம் தமிழில் பிழையில்லாமல் வாசித்தால் ஒரு இரண்டு டொலர் நாணயம் தருவார். எங்களில் ஒருவர் காசுக்காக 117ஆம் சங்கீதத்தையே திரும்பத் திரும்பத் தெரிவு செய்தார். அது இரண்டே வசனம். அம்மம்மாவுக்குத் தெரியும், ஆனாலும் காசு கொடுத்தார். பிறகு எங்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதாயிற்று. நீச்சல், கூடைப்பந்து, கணித வகுப்பு, பகுதிநேர வேலை. ஒவ்வொருவராக நின்றோம். யாரும் அவரிடம் "இனி வரமாட்டோம்" என்று சொல்லவில்லை. வராமல் விட்டோம், அவ்வளவுதான்.

கொப்பியை யாரிடம் காட்டுவது? அம்மாவும் மாமாவும் கதைப்பதில்லை. அம்மாவிடம் கொடுத்தால் அது அம்மாவின் கொப்பியாகிவிடும், மாமாவிடம் கொடுத்தால் மாமாவின் கொப்பியாகிவிடும் என்று பயந்தோம். கடைசியில் முதல் கொப்பியை மட்டும் அம்மாவிடம் கொண்டுபோனோம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தார். நடுவில் இரண்டே வரி. தமிழருக்கு மருத்துவச் சுவிசேஷகர். இயேசுவே எனக்கு எல்லாம்.

"இது அம்மா எழுதினது இல்லை, கிறீன் ஐயாவின் கல்லறையில இருக்கிறது" என்றார் அம்மா.

கிறீன் ஐயாவின் கதையை அம்மம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் பாதிக் காதில் கேட்டிருக்கிறோம். இப்போது தேடி வாசித்தோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் குடியேறி நோயாளிகளைப் பார்த்தார், உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். 1857இல் ஊர் திரும்பி, 1862இல் மறுபடியும் வந்து, 1873 வரை இருந்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல்.

முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். படித்து முடித்தவர்கள் பலர் அரசாங்க உத்தியோகம் கிடைத்து வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்துச் சனத்துக்கு வைத்தியர் இல்லாத நிலைமை மாறவில்லை. அதைக் கண்ட கிறீன், இரண்டாம் முறை வந்தபோது தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தீர்மானித்தார். அதற்குத் தமிழில் புத்தகம் வேண்டுமே. புத்தகத்துக்குச் சொற்கள் வேண்டுமே. தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஏறத்தாழ 4,000 பக்கங்கள் தமிழில் வந்தன. உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பிறகும், வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல்களில் வேலை செய்தார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி காலமானார். தமக்கு ஒரு நினைவுக் கல் வைப்பதானால் அது எளிமையாக இருக்க வேண்டும், பெயரும் ஆண்டுகளும் அந்த இரண்டு வரியும் போதும் என்று கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள்.

அவருடைய மூத்த சகோதரர் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீனும் சாதாரண ஆள் அல்ல. நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்றவர். 1898இல் தனித்தனிப் பகுதிகள் ஒன்றாகி இன்றைய பெரிய நியூயோர்க் நகரமானதற்கு அவரே பெரும் காரணர். அண்ணன் ஒரு மாநகரத்தை விட்டுப் போனார். தம்பி சில புத்தகங்களையும் ஒரு வைத்தியசாலையையும் விட்டுப் போனார். அண்ணனின் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பூங்காவின் நிழலில் எத்தனை கோடிப் பேர் இளைப்பாறியிருப்பார்கள். ஆனால் எங்கள் அம்மம்மாவின் கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பது தம்பியின் கல்லறை வரிகள்.

இங்கே உண்மையையும் சொல்ல வேண்டும். கிறீன் பாடுபட்டு மொழிபெயர்த்த அந்தப் புத்தகங்களைக் கொண்டு இன்று எந்த வைத்திய மாணவரும் படிப்பதில்லை. மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. தமிழில் வைத்தியம் கற்பித்த அந்த முயற்சியும் அவருக்குப் பிறகு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரு வகையில் பார்த்தால் அவருடைய பெரிய வேலை தோற்றுப்போனது. ஆனால் மானிப்பாயில் அவர் பெயரால் நிற்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையில்தான் எங்கள் அம்மம்மா இளம் தாதியாகச் சேர்ந்து 22 வருடம் வேலை செய்தார். இராக் கடமையில் பயந்து அழும் நோயாளியின் பக்கத்தில் உட்கார அங்கேதான் பழகினார். ஸ்காபரோவில் அவர் இருந்த மாடியில் யாருக்காவது காய்ச்சல் என்றால், எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த மதத்தவராக இருந்தாலும், ஒரு போத்தலில் மல்லித் தண்ணீரோடு போய்க் கதவைத் தட்டுவார். அவருடைய அடக்க ஆராதனைக்கு எங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் ஒரு சோமாலியத் தாயும் வந்து அழுதார்கள். 1847இல் ஒருவர் கப்பல் ஏறியதற்கும் அந்தக் கண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்றால், கிறீன் ஐயாவுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அப்போஸ்தலர் 9இல் யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டி அழுதார்கள். அவர்கள் யாரும் உரை நிகழ்த்தவில்லை. உடுப்பைத் தூக்கிக் காட்டினார்கள், அவ்வளவுதான். அந்தத் துணிகள் கிழிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. தொற்காளின் பெயர் இன்னும் இருக்கிறது.

அம்மா கொப்பியைத் தொடர்ந்து வாசித்தார். அது ஜெபக் கொப்பி. இடது பக்கம் திகதி, நடுவில் ஆள், பிறகு காரணம், வலது ஓரத்தில் ஒரு கோடு போட்ட இடம். ஜெபம் கேட்கப்பட்டால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சரி. கனடாவுக்கு வந்த 1998ஆம் ஆண்டிலிருந்து எழுதியிருக்கிறார். மாமாவுக்கு வேலை, சரி. அம்மாவுக்குப் பிள்ளை, சரி. கீழ்மாடிக்காரரின் முழங்கால், சரி. பெயரில்லாமல் "பஸ்ஸில் அழுத பிள்ளை" என்று ஒரு வரி. அதற்குச் சரி இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாம், மூன்றாம் கொப்பிகளில் நாங்கள் வந்தோம். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நிறைய வரிகள். சோதனை, காய்ச்சல், சாரதி அனுமதிப் பரீட்சை. அதற்கெல்லாம் சரி. ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு வரியில் மட்டும் சரி இல்லை: தமிழ் வேதம் தானாக வாசிக்க வேண்டும். அதற்குக் கீழே, வேறொரு திகதியில்: "சனி. பிள்ளைகள் வரவில்லை. சோதனை இருக்கும்போல." அதற்கடுத்த சனியும் அதேதான். எங்களைக் குற்றம் சொல்லி ஒரு சொல்லும் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

நான்காம் கொப்பியில் 2019ஆம் ஆண்டு ஒரு பக்கத்தில் அம்மா திடீரென்று நிறுத்தினார். "இனி என்னால வாசிக்க ஏலாது" என்று மூடிவிட்டுக் குசினிக்குள் போனார். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஐந்து பேரும் அந்தப் பக்கத்தை வைத்து எழுத்துக் கூட்டினோம். "வளவு" தெரிந்தது. "பிள்ளைகள்" தெரிந்தது. மற்றது தெரியவில்லை. வேறு வழியில்லாமல் மாமாவைக் கூப்பிட்டோம்.

"மாமா, அம்மம்மாவின்ர கொப்பி ஒன்று இருக்கு. அம்மாவால வாசிக்க முடியேல்லை. நீங்கள் வாறீங்களோ?"

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "வாறன்" என்றார்.

மார்க்கத்திலிருந்து பனியில் ஓட்டிக்கொண்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்குள் கால் வைத்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மெதுவாக, சத்தமாக வாசித்தார். "வளவைப் பற்றிப் பிள்ளைகள் சண்டை பிடிக்கக் கூடாது. யாருக்கு என்று சொல்ல எனக்குப் பயமாயிருக்கிறது. ஒருவருக்குச் சொன்னால் மற்றவர் நோவார். ஆண்டவரே, நீர் பார்த்துக்கொள்ளும்." வலது ஓரத்தில் சரி இல்லை.

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அம்மா தேத்தண்ணி போட்டார். மாமாவுக்குச் சீனி இல்லாமல் வேண்டும் என்று கேட்காமலே போட்டார். மாமா குடித்தார். "அம்மா ஒரு கடதாசியில எழுதியிருந்தா இவ்வளவு வந்திராது" என்றார். அம்மா, "எழுதியிருந்தாலும் நாங்கள் சண்டை பிடிச்சிருப்பம்" என்றார். அந்த நாளில் அவர்கள் கதைத்தது அவ்வளவுதான்.

வளவின் விஷயம் இன்னும் முடியவில்லை. மானிப்பாயில் ஒரு நொத்தாரிசிடம் கேட்டிருக்கிறார்கள். பெரியம்மா உயிர்த்த ஞாயிறுக்கு லண்டனிலிருந்து வருகிறார். மூவரும் நேரில் இருந்து கதைப்பதாக ஏற்பாடு. என்ன முடிவாகும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் மாமா இப்போது ஆலயத்தில் எங்கள் வாங்குக்கு ஒரு வரிசை பின்னால் உட்காருகிறார். சமாதான வாழ்த்தின்போது திரும்பினால் கண் படும் தூரம்தான்.

இதிலிருந்து நாங்கள் கற்றவற்றை இரண்டு பக்கத்துக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் எங்கள் பெரியவர்களுக்கு. தயவுசெய்து எழுதி வையுங்கள். "ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்பது விசுவாசம்தான். ஆனால் பிள்ளைகளிடம் சொல்லப் பயந்து விடுவதற்கும் சிலவேளை அதே வார்த்தை உதவிவிடுகிறது. எங்கள் அம்மம்மாவை நாங்கள் நேசிக்கிறோம், அதனால்தான் சொல்கிறோம். ஒன்ராறியோவில் முழுவதும் தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட மரணசாசனம் சாட்சி இல்லாமலும் செல்லும். ஆனாலும் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதுவதே பாதுகாப்பு. ஊரில் காணி இருந்தால் அங்குள்ள சட்டத்தையும் கேளுங்கள். தேசவழமையை இங்குள்ள சட்டத்தரணிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. எழுதிய பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள். உங்கள் குரலில் கேட்டது கடதாசியில் வாசிப்பதைவிட மனதை ஆற்றும்.

பிறகு எங்களைப்போன்ற வாலிபருக்கு. எங்கள் பழைய வேதாகமத்தில் "சுதந்தரம்" என்று ஒரு சொல் வரும். சிறு வயதில் அதை விடுதலை என்றே நினைத்தோம். வேதத்தில் அதன் பொருள் பிதாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் பங்கு. யாழ்ப்பாணத்துத் தமிழில் சொன்னால், முதுசம். 127ஆம் சங்கீதத்தில் பிள்ளைகளே கர்த்தரிடமிருந்து வரும் சுதந்தரம் என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் இதுவரை அம்மம்மா எங்களுக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்றே தேடினோம். அந்தச் சங்கீதத்தின்படி அவருக்குக் கிடைத்த முதுசம் நாங்கள். அந்த முதுசம் சனிக்கிழமைகளில் வராமல் நின்றுவிட்டது.

லேவி கோத்திரத்துக்குக் கானானில் மற்றவர்களைப்போல் காணி பங்கிடப்படவில்லை. கர்த்தரே அவர்கள் பங்கு. அப்படியானால் அவர்களின் பிள்ளைகளுக்கு எது போயிற்று? பாட்டும், வேதமும், ஆலயத்தில் செய்யும் வேலையும். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதுகிறார். அவர்கள் அவனுக்கு வீடு வைத்தார்களா, காணி வைத்தார்களா என்று ஒன்றும் இல்லை. அவர்களுக்குள் இருந்த விசுவாசம் இவனுக்குள்ளும் இருக்கிறது என்றே இருக்கிறது. இப்படிப்பட்ட முதுசத்தைப் பங்கு போட்டாலும் யாருக்கும் குறையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்க ஆள் வர வேண்டும். காணி, பிள்ளை வெளிநாட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவன் பெயருக்கு வந்துவிடும். விசுவாசமும் மொழியும் அப்படி வருவதில்லை. வூஸ்டரில் பிறந்த ஒருவர் எங்கள் மொழியைப் படித்து 4,000 பக்கம் எழுத முடிந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர் எழுதிய நான்கு கொப்பிகளை நாங்கள் வாசிக்க முடியாமல் நின்றோம்.

இப்போது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் கூடுகிறோம். ஒரு வாரம் அம்மா வீட்டில், ஒரு வாரம் மாமா வீட்டில். அம்மம்மாவின் வேதாகமத்தில் ஒரு சங்கீதம், அவருடைய கொப்பியில் ஒரு பக்கம். 117ஆம் சங்கீதத்துக்குத் தடை போட்டாயிற்று. கொப்பியில் இன்னும் சரி போடாத பெயர்களுக்காக ஜெபிக்கிறோம். அந்தப் பஸ்ஸில் அழுத பிள்ளைக்கும் சேர்த்து. அவருக்கு இப்போது முப்பது வயதுக்கு மேலிருக்கலாம்.

மே மாத நீண்ட வார இறுதியில் வூஸ்டருக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ரொறன்ரோவிலிருந்து 800 கிலோமீற்றருக்கு மேல். ஒரே வாகனத்தில் போக வேண்டும் என்பது நிபந்தனை. பக்கம் பிடிக்க இடமிருக்காது. கிறீன் ஐயாவின் கல்லறையின் முன் நின்று ஒரு சங்கீதத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும், பிழையில்லாமல்.

சென்ற சனிக்கிழமை எங்களில் இளையவர் 121ஆம் சங்கீதத்தை ஒரு இடத்திலும் தடக்காமல் வாசித்தார். மாமா ஒன்றும் சொல்லாமல் மூன்றாம் கொப்பியை எடுத்து, அந்தப் பழைய வரியில் அவருடைய பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு சரி போட்டார். மற்ற நான்கு பேரும் இன்னும் காத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டு வரிக்கும் யாரும் இன்னும் கை வைக்கவில்லை. பென்சிலை மட்டும் அந்தப் பக்கத்துக்குள் வைத்துக் கொப்பியை மூடி வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு சூட்கேஸ் இருக்கும். அதைத் திறக்க 30 நாள் தவணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதன் சொந்தக்காரர் இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே, இந்தச் சனிக்கிழமை போய், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

— ஐந்து பேரப்பிள்ளைகள், வாலிபர் ஐக்கியம்